1919 முதல் 1939 வரை அமெரிக்கா உண்மையிலேயே ஒதுங்கியிருந்ததா?

கரிசல் வாசகன் எழுதியது:

நம்மில் பெரும்பாலோர் பள்ளியில் படித்த வரலாற்றில், இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட அமெரிக்காவைப் பற்றி ஏறக்குறைய ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் அமைதி காக்க உருவான பன்னாட்டுச் சங்கம் அமைய முன்னின்ற அதிபர் வில்சனின் நாடே அதில் சேராமல், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஒதுங்கிக்கொண்டது என்பதே அந்த வாக்கியம். அதன் முற்பாதி உண்மை. பிற்பாதியை மறுப்பதற்காகவே இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

ஒதுங்கிக்கொண்ட நாடு செய்யும் வேலைகளா இவை என்று பாருங்கள். 1921 நவம்பர் 12 அன்று வாஷிங்டனில் தொடங்கிய கடற்படை மாநாட்டில், வெளியுறவு அமைச்சர் சார்லஸ் எவான்ஸ் ஹியூஸ் வரவேற்புரை ஆற்றுவார் என்று காத்திருந்தவர்கள் முன்னிலையில், அமெரிக்கா 30, பிரிட்டன் 19, ஜப்பான் 17 என மொத்தம் 66 பெரும் போர்க்கப்பல்களை உடைத்துப்போட வேண்டும் என்று கணக்கோடு அறிவித்தார். 1924இல் ஜெர்மனியின் போர் இழப்பீட்டுச் சிக்கலை அவிழ்த்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சிகாகோ வங்கியாளரான சார்லஸ் டாவ்ஸ். 1929இல் அந்த ஏற்பாட்டைத் திருத்தி அமைத்த குழுவின் தலைவரான ஓவன் யங்கும் அமெரிக்கரே. 1928 ஆகஸ்டில் பாரிஸில் கையெழுத்தான, போரையே சட்டவிரோதமாக்கிய ஒப்பந்தத்தில் பிரெஞ்சு அமைச்சர் பிரியானின் பெயரோடு இணைந்து நிற்பது அமெரிக்க அமைச்சர் கெல்லாக்கின் பெயர். ஐரோப்பாவின் நாணயம், கடன், கப்பல், சட்டம் ஆகிய நான்கிலும் கைவைத்த ஒரு நாட்டை ஒதுங்கியிருந்த நாடு என்று எப்படிச் சொல்ல முடியும்?

போருக்கு முன்பு வெளிநாட்டாரிடம் கடன்பட்டிருந்த நாடு, போர் முடிந்தபோது உலகத்துக்கே கடன் கொடுத்த நாடாக மாறியிருந்தது. அப்படிப்பட்டவர்கள் விரும்பினாலும் ஒதுங்க முடியாது என்பதே என் வாதம்.

ஆவணப்பிரியை எழுதியது:

கரிசல் வாசகன் அவர்களின் தகவல்களில் எதையும் நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவை மட்டும் மறுக்கிறேன். நீங்கள் அடுக்கிய ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் எடுத்து, அதில் அமெரிக்கா நெருக்கடிக் காலத்தில் எதைச் செய்வதாகக் கையெழுத்திட்டது என்று தேடிப்பாருங்கள். ஒன்றும் கிடைக்காது.

வாஷிங்டன் மாநாட்டில் பசிபிக் பகுதிக்காக உருவான நான்கு வல்லரசு உடன்படிக்கையை 1922 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் 67க்கு 27 என்ற வாக்குகளில் ஏற்றது. ஆனால், இதில் படைபலத்தைப் பயன்படுத்தும் கடமை இல்லை, கூட்டணி இல்லை, யாருடைய பாதுகாப்பிலும் சேரும் பொறுப்பு இல்லை என்ற நிபந்தனையைச் சேர்த்த பிறகே ஏற்றது. டாவ்ஸும் யங்கும் அரசின் பிரதிநிதிகளாகச் செல்லவில்லை. தனிமனிதர்களாகவே சென்றார்கள், அரசும் அதை வலியுறுத்திச் சொன்னது. போரைச் சட்டவிரோதமாக்கிய ஒப்பந்தத்தை 1929 ஜனவரி 15 அன்று 85க்கு 1 என்று நிறைவேற்றிய அதே செனட், அடுத்த மாதமே 15 குரூசர் கப்பல்களைக் கட்டும் மசோதாவையும் நிறைவேற்றியது. அந்த ஒப்பந்தத்தை யாராவது மீறினால் என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை என்பதை அந்த 85 பேரும் அறிந்திருந்தார்கள். அறிந்திருந்ததால்தான் 85 பேர் கிடைத்தார்கள்.

நம் ஊரில் வட்டிக்குப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. ஊர் முழுக்கக் கடன் கொடுத்திருப்பார்கள், எல்லா வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்திருப்பார்கள். ஜாமீன் கையெழுத்து என்றதும் அன்றைக்கென்று பார்த்து வெளியூர் போயிருப்பார்கள். 1919 ஜூன் 28 அன்று, ஜெர்மனியுடனான போரை முடித்து, பன்னாட்டுச் சங்கத்தையும் அமைத்த வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தான அதே நாளில், காரணமின்றி ஜெர்மனி தாக்கினால் பிரான்சுக்குத் துணைவருவோம் என்று பிரிட்டனும் அமெரிக்காவும் தனித்தனி ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. அமெரிக்க ஒப்பந்தம் செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. அமெரிக்கா உறுதிசெய்தால்தான் தன் ஒப்பந்தமும் செல்லும் என்று பிரிட்டன் எழுதியிருந்ததால், இரண்டும் சேர்ந்தே காலாவதியாயின. ரைன் ஆற்றங்கரையை ஜெர்மனியிடமிருந்து பிரித்துவிட வேண்டும் என்ற கோரிக்கையை இந்த இரண்டு ஒப்பந்தங்களை நம்பித்தான் பிரான்ஸ் கைவிட்டிருந்தது. கோரிக்கையும் போயிற்று, ஒப்பந்தமும் போயிற்று. 1923 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிக்குள் நுழைந்ததை இந்த ஏமாற்றத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதே ஜனவரியில்தான் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் மிச்சமிருந்த அமெரிக்கப் படையும் ஊர் திரும்பியது.

கலங்கரை எழுதியது:

கப்பல்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அரசியலை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாஷிங்டன் மாநாட்டில் பேச்சு மட்டும் நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் தலா 5,25,000 டன், ஜப்பானுக்கு 3,15,000 டன் என்று 5:5:3 விகிதம் எழுதப்பட்டது, கப்பல்களும் உண்மையாகவே உடைக்கப்பட்டன. ஜப்பான் 10:7 கேட்டுக்கொண்டிருந்தபோது, நெருக்கினால் 10:6க்கு இறங்கிவர அதன் தூதுக்குழுவுக்கு அனுமதி உண்டு என்பதை ஹெர்பர்ட் யார்ட்லியின் கீழ் ரகசியக் குறியீடுகளை உடைத்துவந்த அமெரிக்கக் குழு டோக்கியோ தந்திகளைப் படித்து ஹியூஸிடம் சொல்லிவிட்டது. எதிராளியின் சீட்டைப் பார்த்துக்கொண்டே ஆடிய ஆட்டம் அது.

ஆனால் அந்த விகிதத்தை ஏற்பதற்கு ஜப்பான் ஒரு விலை வாங்கியது. பிலிப்பைன்ஸிலும் குவாமிலும் புதிய கோட்டைகளோ கடற்படைத் தளங்களோ கட்டுவதில்லை என்று அமெரிக்கா ஒப்புக்கொண்டது. இதன் நடைமுறைப் பொருள், மேற்குப் பசிபிக்கில் ஜப்பானை எதிர்த்துப் போரிட ஹவாய்க்கு அப்பால் தகுந்த தளம் இல்லை என்பதே. ஒப்பந்தம் அனுமதித்த அளவுக்குக்கூட அமெரிக்கா கப்பல் கட்டவில்லை. அந்த அளவை எட்டுவதற்கான சட்டம் 1934இல்தான் வந்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே ஜப்பான் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டது.

கரிசல் வாசகன் எழுதியது:

ஆவணப்பிரியை அவர்களின் ஜாமீன் உவமையை ரசித்தேன். ஆனால் அது என் கட்சிக்கே சாதகமானது. வட்டிக்காரர் ஊரைவிட்டு ஒதுங்கியவர் அல்லர். ஊரில் யார் பிழைப்பது, யார் முழுகுவது என்பது அவர் கையில் இருக்கிறது.

அந்தப் பணம் சுற்றிய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போர்க்காலத்திலும் அதை ஒட்டியும் நேச நாடுகள் அமெரிக்க அரசிடம் வாங்கிய கடன் ஏறத்தாழ 1,000 கோடி டாலர். வாங்கிய கடனை நேச நாடுகள் திருப்பித் தர வேண்டும் என்பதில் அமெரிக்கா விட்டுக்கொடுக்கவில்லை. பிரிட்டனோடு 1923இல் 62 ஆண்டுத் தவணை போடப்பட்டது. பிரிட்டனும் பிரான்சும் அந்தத் தவணைக்கு ஜெர்மனியின் இழப்பீட்டை நம்பியிருந்தன. டாவ்ஸ் திட்டத்தின்படி ஜெர்மனிக்குத் திரட்டப்பட்ட 80 கோடி தங்க மார்க் கடனில் பாதிக்கு மேல் நியூயார்க் சந்தையில் மார்கன் வங்கியின் வழியாகத் திரட்டப்பட்டது. அதைத் தொடர்ந்து அமெரிக்கத் தனியார் பணம் ஜெர்மன் நகராட்சிகளுக்கும் ஆலைகளுக்கும் பாய்ந்தது. ஜெர்மனி நியூயார்க்கில் வாங்கி பாரிஸுக்கும் லண்டனுக்கும் கொடுக்க, அவை அதை வாஷிங்டனுக்குக் கொடுத்தன. இழப்பீட்டுக்கும் போர்க்கடனுக்கும் தொடர்பே இல்லை என்று வாஷிங்டன் கடைசிவரை சாதித்துக்கொண்டிருந்தாலும், 1931 ஜூனில் ஜெர்மன் வங்கிகள் ஆட்டம் கண்டபோது அதிபர் ஹூவர் இரண்டையும் ஒரே அறிவிப்பில் ஓராண்டுக்கு ஒத்திவைத்தார். தொடர்பு இல்லாதவற்றை ஏன் சேர்த்து ஒத்திவைக்க வேண்டும்?

கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் கடன்காரன் பொருள் விற்றுச் சம்பாதிக்க வேண்டும். 1922இல் ஒரு முறையும், 1930 ஜூனில் ஸ்மூட்-ஹாலி சட்டத்தின் மூலம் இன்னொரு முறையும் இறக்குமதி வரியை உயர்த்தி அந்த வழியை அமெரிக்கா அடைத்தது. 1,028 பொருளாதார அறிஞர்கள் இதில் கையெழுத்திட வேண்டாம் என்று ஹூவருக்கு விண்ணப்பித்தும் பயனில்லை. இது பிழையான கொள்கை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் இது ஈடுபாட்டின் பிழை; ஒதுங்கியிருந்தவனால் இவ்வளவு சேதம் செய்ய முடியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

கரிசல் வாசகன் தம்பி சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்தை முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொன்னவன் நான். ஆகவே குற்றவாளிக் கூண்டிலிருந்து பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை செனட்டில் தோற்றது அமெரிக்க மக்கள் உலகத்தை வெறுத்ததாலா, அல்லது வில்சன் என்ற ஒரு மனிதரின் பிடிவாதத்தாலா? நான் மாணவர்களிடம் முதற்காரணத்தைச் சொல்லிவந்தேன். இந்த விவாதம் முழுக்க அந்த ஒரு வாக்கெடுப்பின்மேல்தான் நிற்கிறது என்று தோன்றுகிறது. ஆவணப்பிரியை அம்மா விளக்கினால் மகிழ்வேன்.

ஒதுங்கல் பற்றிப் பேசும்போது குடியேற்றத்தை நீங்கள் இருவரும் தொடவில்லை என்பதையும் குறிக்கிறேன். 1917ஆம் ஆண்டின் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதியின் மக்களுக்குக் கதவை அடைத்தது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமைச் சட்டத்தின் பொருளில் வெள்ளையர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1924ஆம் ஆண்டின் சட்டம் ஜப்பானியரையும் அடியோடு விலக்கியது. வாஷிங்டன் மாநாட்டில் ஜப்பானிடம் பெற்ற நல்லெண்ணம் இரண்டே ஆண்டுகளில் இப்படிச் செலவழிந்தது.

ஆவணப்பிரியை எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கூண்டில் நிற்க வேண்டியவர் நீங்கள் அல்லர்.

1920 மார்ச் 19 அன்று நடந்த இறுதி வாக்கெடுப்பில், செனட்டர் ஹென்றி கேபட் லாட்ஜ் சேர்த்த நிபந்தனைகளுடன் கூடிய உடன்படிக்கைக்கு ஆதரவாக 49 பேரும் எதிராக 35 பேரும் வாக்களித்தனர். பெரும்பான்மை கிடைத்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு 56 வேண்டும். ஏழு வாக்குகள் குறைந்தன. எதிர்த்த 35 பேரில், எந்த வடிவத்திலும் சங்கமே வேண்டாம் என்ற போரா, ஹைரம் ஜான்சன் முதலிய கடும் எதிர்ப்பாளர்கள் 12 பேர்தான். மற்ற 23 பேரும் வில்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள். நிபந்தனைகளோடு ஏற்பதைவிட நிராகரிப்பதே மேல் என்று அவர் கட்டளையிட்டதால் எதிர்த்தவர்கள். அதே கட்சியின் 21 பேர் அவர் சொல்லை மீறி ஆதரித்தனர். 1919 அக்டோபர் 2 அன்று பக்கவாதத்தில் விழுந்து, மாதக்கணக்கில் ஏறக்குறைய யாரையும் சந்திக்காமல் படுத்திருந்த ஒருவர் இட்ட கட்டளை அது.

ஆகவே, அன்றைய அமெரிக்கா உலகத்தை வெறுத்து முதுகைக் காட்டியது என்பது சரியன்று. இந்த அளவுக்குக் கரிசல் வாசகன் அவர்களோடு உடன்படுகிறேன். ஆனால் லாட்ஜின் நிபந்தனைகளில் முதன்மையானது எதைக் குறித்தது என்று கேளுங்கள். தாக்கப்பட்ட உறுப்பு நாட்டின் எல்லையைக் காக்க வேண்டும் என்ற பத்தாம் பிரிவைக் குறித்தது. ஒவ்வொரு முறையும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முடிவெடுத்தாலன்றி அமெரிக்காவுக்கு அந்தக் கடமை இல்லை என்பதே நிபந்தனை. வில்சன் விட்டுக்கொடுத்திருந்தாலும், ஜாமீன் போடாமல்தான் அமெரிக்கா சங்கத்தில் உட்கார்ந்திருக்கும். நாற்காலி காலியாக இருந்திருக்காது என்பது மட்டுமே வேறுபாடு.

அந்த நாற்காலிக்கும் மதிப்பு உண்டு என்று நீங்கள் வாதிடலாம். தொடக்கத்தில் சங்கத்தின் கடிதங்களுக்கு வாஷிங்டன் மாதக்கணக்கில் பதில்கூட எழுதவில்லை. உலக நீதிமன்றத்தில் சேரும் முயற்சி 1935 ஜனவரியில் 52க்கு 36 என்று மறுபடியும் ஏழு வாக்குக் குறைவில் தோற்றது. அதே ஏழு, தற்செயல்தான், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள எளிது.

தெற்குக் காற்று எழுதியது:

இருவரும் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் தெற்கே திரும்புங்கள்.

ஒதுங்கியிருந்ததாகச் சொல்லப்படும் அதே ஆண்டுகளில் அமெரிக்க மரைன் படை ஹைட்டியில் 1915 முதல் 1934 வரையிலும், டொமினிக்கன் குடியரசில் 1916 முதல் 1924 வரையிலும், நிகரகுவாவில் 1912 முதல் 1933 வரை ஒரு சிறு இடைவெளி நீங்கலாகவும் இருந்தது. ஹைட்டியின் சுங்கச் சாவடிகளையும் கருவூலத்தையும் அமெரிக்க அதிகாரிகள் நடத்தினார்கள். வெளிநாட்டார் நிலம் வாங்கக் கூடாது என்றிருந்த பழைய தடை, ஆக்கிரமிப்பின் கீழ் 1918இல் வந்த அரசியலமைப்பில் நீக்கப்பட்டது. 1927 ஜூலையில் நிகரகுவாவின் ஒகோட்டல் ஊரில் அமெரிக்கப் படையை எதிர்த்துப் போராடிய சாண்டினோவின் ஆட்களை மரைன் விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்து குண்டுவீசிக் கொன்றன. அந்த ஊர் மக்களிடம் போய், அமெரிக்கா உலகத்திலிருந்து ஒதுங்கியிருந்தது என்று சொல்லிப்பாருங்கள்.

1930களில் இந்தப் போக்கு மாறியது. 1933இல் மொண்டெவிடியோவில் தலையிடாமைக் கொள்கையை அமெரிக்கா ஏற்றது, 1934இல் கியூபாவில் தலையிட அமெரிக்காவுக்கு உரிமை தந்த பிளாட் திருத்தத்தை நீக்கியது, 1938 மார்ச்சில் மெக்ஸிகோ எண்ணெய் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியபோதும் படை அனுப்பவில்லை. நல்லதுதான். ஆனால் மரைன் படை திரும்பிய இடங்களில் எல்லாம் அது பயிற்றுவித்த காவல்படை மிஞ்சியது. நிகரகுவாவில் அந்தப் படையின் தலைவர் சொமோசா. 1934 பிப்ரவரியில் சாண்டினோவைக் கொன்றது அந்தப் படை.

கரிசல் வாசகன் எழுதியது:

தெற்குக் காற்று அவர்கள் என் வேலையை எளிதாக்கிவிட்டார். ஆவணப்பிரியை அவர்களின் வாதம் "ஐரோப்பாவில் ராணுவப் பொறுப்பு ஏற்கவில்லை" என்று சுருங்கிவிட்டது அல்லவா? அதற்கு ஒதுங்கல் என்று பெயரிடுவானேன்? அதைத் தன்னிச்சை என்று சொல்லலாம். தன் வசதிக்கேற்ப வருவது, தன் வசதிக்கேற்பப் போவது. 1933 ஜூலையில் லண்டன் பொருளாதார மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே, நாணய மதிப்பை நிலைப்படுத்த உடன்பட முடியாது என்று அதிபர் ரூஸ்வெல்ட் அனுப்பிய செய்தியால் மாநாடு சிதறியது. 1934இல் உள்நாட்டு வெள்ளிச் சுரங்க மாநிலங்களைத் திருப்திப்படுத்த வெள்ளி கொள்முதல் சட்டம் வந்தது. உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறி, வெள்ளி நாணயத்தில் நின்ற சீனாவிலிருந்து வெள்ளி வெளியே ஓடி, 1935 நவம்பரில் சீனா வெள்ளியையே கைவிட நேர்ந்தது. ஜப்பானை எதிர்த்து நிற்க வேண்டிய நாட்டின் கால்களை நெவாடாவின் சுரங்க அரசியல் தட்டிவிட்டது. தொலைவில் ஒதுங்கி நின்றவர் செய்த காரியமா இது?

ஆவணப்பிரியை எழுதியது:

லத்தீன் அமெரிக்காவைப் பொறுத்தவரை ஒதுங்கல் என்ற சொல் பொருந்தாது. அதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கர்களே அந்தச் சொல்லை ஐரோப்பாவின் போர்களிலிருந்து விலகி நிற்பதற்குத்தான் பயன்படுத்தினார்கள். சொல்லைப் பெரிதாக்கிக்கொண்டு அது பொருந்தவில்லை என்று வாதிடுவது நியாயமில்லை.

இனி 1930களுக்கு வாருங்கள். கரிசல் வாசகன் அவர்கள் இதுவரை கவனமாகத் தவிர்த்துவரும் இடம் அது. 1931 செப்டம்பர் 18 அன்று முக்டெனில் தொடங்கிய, சீனாவின் மஞ்சூரியாமீதான ஜப்பானின் படையெடுப்புக்கு வெளியுறவு அமைச்சர் ஸ்டிம்சன் 1932 ஜனவரி 7 அன்று ஒரு குறிப்பு அனுப்பினார்: ஒப்பந்தங்களை மீறி உண்டான எந்த நிலையையும் அமெரிக்கா அங்கீகரிக்காது. அவ்வளவுதான். ஜப்பான் மூன்று வாரத்துக்குள் ஷாங்காயைத் தாக்கியது.

அதன் பிறகு, செனட்டர் ஜெரால்டு நையின் குழு 1934 முதல் 1936 வரை நடத்திய விசாரணையில், 1917இல் அமெரிக்காவைப் போருக்குள் இழுத்தவர்கள் ஆயுத வியாபாரிகளும் வங்கியாளர்களும்தான் என்ற எண்ணம் நாடு முழுவதும் பரவியது. 1935 ஆகஸ்ட் 31 அன்று முதல் நடுநிலைச் சட்டம் வந்தது. போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்கத் தடை. தாக்கியவன் யார், தாக்கப்பட்டவன் யார் என்று வேறுபடுத்தும் அதிகாரம் அதிபருக்குக் கிடையாது. 1936 பிப்ரவரியில் கடன் கொடுக்கவும் தடை வந்தது. உங்கள் வட்டிக்காரர் வாதம் இங்கேயே முறிகிறது: 1920களில் பணத்தை அனுப்பி ஜாமீன் போட மறுத்த நாடு, இப்போது பணத்தையும் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டது. 1934ஆம் ஆண்டின் ஜான்சன் சட்டம், பழைய போர்க்கடனைத் தராத அரசுகளுக்குப் புதுக் கடன் கொடுப்பதை ஏற்கெனவே தடுத்திருந்தது.

நடுநிலைச் சட்டம் களத்தில் எப்படி வேலைசெய்தது என்பதற்கு, உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த ஸ்பெயினைவிடத் தெளிவான சான்று இல்லை. 1935ஆம் ஆண்டின் சட்டம் நாடுகளுக்கு இடையிலான போருக்கு மட்டுமே பொருந்தும். உள்நாட்டுப் போருக்குப் பொருந்தாது. எனவே 1937 ஜனவரியில் ஸ்பெயினுக்கென்றே ஒரு தனி ஆயுதத் தடைத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். செனட்டில் 81க்கு 0. கீழவையில் 406க்கு 1. தளபதி பிராங்கோவின் கிளர்ச்சியை எதிர்த்த குடியரசு அரசுக்கான ஆயுதச் சரக்கோடு மார் கான்டாப்ரிகோ என்ற கப்பல் தீர்மானம் சட்டமாவதற்குச் சற்று முன்பு நியூயார்க்கிலிருந்து புறப்பட்டுவிட்டது, ஆனால் ஸ்பெயின் கரையை நெருங்கியபோது பிராங்கோவின் கடற்படையிடம் சிக்கிக்கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அரசு தன் பணத்தில் ஆயுதம் வாங்க முடியவில்லை. ஆனால் தடைப்பட்டியலில் எண்ணெய் இல்லாததால், அமெரிக்க எண்ணெய் நிறுவனமான டெக்சாகோ பிராங்கோவுக்குக் கடனுக்கே எண்ணெய் அனுப்பியது.

கரிசல் வாசகன் எழுதியது:

நீங்கள் கடைசியாக எழுதிய வாக்கியத்தையே பிடித்துக்கொள்கிறேன். எண்ணெய் போய்க்கொண்டிருந்தது!

1935 அக்டோபரில் முசோலினி எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தபோதும் இதுவே நடந்தது. ஆயுதத் தடை இரு தரப்புக்கும் பொது. இத்தாலி தன் ஆயுதத்தைத் தானே செய்துகொண்டது, எத்தியோப்பியாவுக்கு வெளியிலிருந்து வாங்குவதைத் தவிர வழியில்லை. மனமுவந்து நிறுத்துங்கள் என்று ரூஸ்வெல்ட் அரசு வணிகர்களிடம் வேண்டிக்கொண்ட பிறகும் இத்தாலிக்கான அமெரிக்க எண்ணெய் ஏற்றுமதி உயர்ந்தது. நாங்கள் நிறுத்தினால் அமெரிக்கன் விற்பான் என்பதே, பன்னாட்டுச் சங்கம் எண்ணெய்த் தடையை ஒத்திப்போட்டதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 1937இல் சீனாவின்மேல் ஜப்பான் பாய்ந்தபோது போர் முறையாக அறிவிக்கப்படவில்லை என்பதைச் சாக்காக வைத்து ரூஸ்வெல்ட் நடுநிலைச் சட்டத்தையே பயன்படுத்தவில்லை. சீனா ஆயுதம் வாங்க அது உதவியது. அதே வேளையில் ஜப்பானின் எண்ணெயில் பெரும்பகுதியும், பழைய இரும்பும் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்தே போயின. இவ்வளவு வணிகத்தை நடத்திக்கொண்டு நடுநிலை என்று சொன்னதை நான் கொள்கை என்றே சொல்வேன். அதில் தெரிந்தெடுத்த பக்கம்கூட உண்டு.

மக்களின் மனநிலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1937 டிசம்பர் 12 அன்று யாங்சி ஆற்றில் பனே என்ற அமெரிக்கப் பீரங்கிப் படகை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. ஜப்பான் மன்னிப்புக் கேட்டு, 22,14,007 டாலர் 36 சென்ட் இழப்பீடு கொடுத்தது. (அந்த 36 சென்ட்டை எண்ணி வாங்கியவர்களை என்னவென்று சொல்ல!) 1917ஆக இருந்திருந்தால் இதற்காக நாடே கொதித்திருக்கும். 1938 ஜனவரியிலோ, படையெடுப்பு நேர்ந்தாலன்றி மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் போர் அறிவிக்கக் கூடாது என்ற லட்லோ திருத்தத்தை விவாதத்துக்கு எடுக்கக் கீழவையில் 188 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 209 பேர். படையைப் பாருங்கள்: 1939இல் தரைப்படையில் சுமார் 1,90,000 பேர். இந்தப் படையையும் இந்த 188 பேரையும் வைத்துக்கொண்டு எந்த அதிபரால் யாருக்கு ஜாமீன் போட முடியும்? ஜாமீன் போடவில்லை என்று குறைகூறுகிறீர்கள், போட்டிருந்தால் செல்லுபடியாகியிருக்குமா?

ஆவணப்பிரியை எழுதியது:

இது நல்ல கேள்வி. இதற்குத்தான் வந்துசேர வேண்டும் என்று காத்திருந்தேன். ஏனென்றால் "வேறு வழியே இருக்கவில்லை" என்பதை நான் ஏற்கவில்லை. வாக்கு எண்ணிக்கையைப் பாருங்கள்.

1939ஆம் ஆண்டின் கோடையில், ஜெர்மனி பிராகை விழுங்கிவிட்ட பிறகு, ஆயுதத் தடையை நீக்கி, ரொக்கம் கொடுத்துத் தங்கள் சொந்தக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று சட்டத்தைத் திருத்த ரூஸ்வெல்ட் முயன்றார். கடலை ஆண்ட பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும்தான் அதனால் பயன் என்பது பெர்லினுக்கும் தெரியும். போர் தொடங்குமுன் இது நிறைவேறியிருந்தால் ஹிட்லர் நின்றிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. குறைந்தது ஒரு குறிப்பாவது போயிருக்கும். ஜூலை 11 அன்று செனட் வெளியுறவுக் குழு இந்தத் திருத்தத்தை அடுத்த கூட்டத்தொடருக்கு ஒத்திவைத்தது. வாக்கு 12க்கு 11. ஒரே ஒரு வாக்கு.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஜார்ஜியாவின் வால்டர் ஜார்ஜும் அயோவாவின் கை ஜில்லெட்டும் ரூஸ்வெல்ட்டின் கட்சிக்காரர்கள். முந்தைய ஆண்டுத் தேர்தலில் இருவரையும் கட்சிக்குள்ளேயே தோற்கடிக்க ரூஸ்வெல்ட் தரப்பு முயன்று தோற்றிருந்தது. உச்ச நீதிமன்றத்தை விரிவாக்கும் திட்டத்தை அவர்கள் எதிர்த்ததே அதற்குக் காரணம். ஐரோப்பாவின் மீதான வெறுப்பைவிட, ஓர் உள்வீட்டுப் பகையின் கணக்கு அந்த வாக்கில் கூடுதலாக இருந்தது என்பது என் கருத்து. ஒரு வாரம் கழித்து, வெள்ளை மாளிகையில் செனட் தலைவர்களை ரூஸ்வெல்ட் அழைத்துப் பேசினார். வெளியுறவுத் துறைக்கு வரும் தந்திகளை வந்து படித்துப்பாருங்கள் என்று வெளியுறவு அமைச்சர் கார்டல் ஹல் மன்றாடினார். செனட்டர் போரா மசியவில்லை, இந்த ஆண்டு ஐரோப்பாவில் போர் வராது, உங்கள் துறையைவிட நம்பகமான தகவல் வழிகள் எனக்கு உண்டு என்றார். அன்று ஜூலை 18. செப்டம்பர் 1 அன்று ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்தது.

திருத்தம் நவம்பர் 4 அன்று சட்டமானது. அப்போது போலந்து இல்லை.

கரிசல் வாசகன் எழுதியது:

அந்த 12க்கு 11 எனக்குத் தெரிந்ததுதான். ஜார்ஜையும் ஜில்லெட்டையும் 1938ஆம் ஆண்டின் தேர்தல் பகையோடு சேர்த்து நான் பார்க்கவில்லை. அது என் வாதத்தில் விட்டுப்போன இடம் என்று ஒப்புக்கொள்கிறேன். 1920இல் வில்சனின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட 23 பேர், 1939இல் ரூஸ்வெல்ட்டின் சொல்லுக்குக் கட்டுப்படாத இருவர் என்று பார்த்தால், நாடு முழுவதும் ஒரே மனத்தோடு ஒதுங்கியது என்ற பாடநூல் வாக்கியம் உங்கள் கணக்கிலும் நிற்கவில்லை என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆவணப்பிரியை எழுதியது:

"ஒரே மனத்தோடு" என்ற சொற்களை நான் எங்கும் எழுதவில்லை. ஆகவே ஒப்புக்கொள்வதில் எனக்கு நட்டமில்லை. ஆனால் ஸ்பெயின் தீர்மானத்தின் 406க்கு 1 என்ற எண்ணுக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.